ஏழு மாத மராத்தி

டோம்பிவிலியிலிருந்து கிளம்பும் ஏழு நாற்பத்தெட்டு ஸ்லோ வண்டியில் பிரமநாயகத்துக்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. முப்பது வருஷ ரயில் பிழைப்பில் ஜன்னலோரம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது இன்றைக்குப் பார்த்தா கிடைக்க வேண்டும் என்று அவருக்குச் சலிப்பாக வந்தது. நின்றுகொண்டு போனால் மனசுக்குக் காலைப் பார்த்துக்கொள்ளவும் பையைப் பார்த்துக்கொள்ளவுமே சரியாக இருக்கும். உட்கார வைத்துவிட்டால் அது பாட்டுக்கு மேயப் போய்விடும். மடியில் பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், லிஃப்ட் பராமரிப்புக் குறிப்பேடு, குறிப்பேட்டுக்குள் நாலே வரியில் ஒரு கடிதம். ஐம்பத்தாறு வயதாகிறது, சொந்தக் காரணங்களுக்காக விருப்ப ஓய்வு கேட்கிறேன், பிப்ரவரி கடைசியில் விடுவிக்க வேண்டுகிறேன். தாதரில் இருக்கும் லிஃப்ட் கம்பெனியில் பத்து மணிக்கு மேனேஜர் மேஜையில் அதை வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. அப்புறம் பாளையங்கோட்டை. கோமதி அக்கா தன் வீட்டு மாடியை இவர்களுக்காகவே வெள்ளையடித்து வைத்திருக்கிறாள். குளியலறைக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டாள். மனைவி உஜ்வலா படத்தைப் பார்த்துச் சிரித்து, தலையாட்டி, இளம்பச்சையைத் தொட்டுக் காட்டினாள். அந்தச் சிரிப்பு. மனசு அங்கேயேதான் போய் நிற்கிறது, நேற்று சாயங்காலத்திலிருந்து. வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. மேலே ஒலிபெருக்கியில் அந்தப் பெண் குரல், அடுத்த ஸ்டேஷன் கோபர் என்பதை, புடீல் ஸ்டேஷன் கோபர் என்று மராத்தியில் சொன்னது, அதையே ஹிந்தியில் சொன்னது, அதையே இங்கிலீஷில் சொன்னது. பிரமநாயகத்தின் உதடுகள் பழக்க தோஷத்தில் மராத்திக்காரியோடு சேர்ந்து அசைந்தன.

அவள்தான் அவருடைய முதல் வாத்தியார். ஒரே சேதியை மூன்று பாஷையில் அலுக்காமல் சொல்லும் வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைப்பார்? வருஷக் கணக்காக அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மும்பையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு மராத்தி தெரியாதா என்று ஊரில் கேட்பார்கள். தெரியாது. காய்கறிப் பெயர் தெரியும், நாலு வசவு தெரியும், மிச்சத்துக்கெல்லாம் ஹிந்தி இருந்தது. கட்டிய பெண்டாட்டியே மராத்திக்காரிதானே என்பார்கள். அங்கேதான் கூத்து. அவர் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது உஜ்வலா அங்கே டைப்பிஸ்ட். அவளுக்குத் தமிழ் வராது, இவருக்கு மராத்தி வராது, இருவருக்கும் அரைகுறையாக வந்தது ஹிந்தி. அந்த அரைகுறையிலேயே காதலித்து, அந்த அரைகுறையிலேயே கல்யாணம் செய்து, இருபத்தாறு வருஷம் சண்டையும் சமாதானமும் அதிலேயே நடந்துவிட்டது. இருவருக்கும் சொந்தமில்லாத பாஷை. வாடகை வீட்டில் குடித்தனம் நடத்துவது மாதிரி, ஆணி அடிக்கக்கூட யோசனை. குழந்தை இல்லை என்று தெரிந்ததும் ஹிந்தியில்தான். அதைப் பேசி முடித்ததும் ஹிந்தியில்தான், பத்து வாக்கியம் இருக்கும், அதற்கு மேல் இரண்டு பேருக்குமே வார்த்தை கிடைக்கவில்லை. போன வருஷம் ஜூன் மாதம், அவருக்கே காரணம் தெரியாமல், ஒரு காலை அந்த ஒலிபெருக்கிப் பெண்ணின் முதல் வாக்கியத்தைக் கவனித்தார். ஓய்வு பெறும் வயது வரப் போகிறதே, வீட்டில் இரண்டு பேரும் நாள் முழுக்க எதிரெதிரே உட்காரப் போகிறோமே என்று பயம் வந்திருக்கலாம். அவளுக்கு ஒரு நாள் அவள் பாஷையில் ஒரு வாக்கியம் சொல்லி அசத்த வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கோபர் வந்தது, ஏறியவர்கள் ஏறினார்கள்.

முப்பது நாளில் மராத்தி என்று ஒரு புத்தகம் வாங்கினார். நாலாவது நாள் பாடத்திலேயே இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தார். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டினார், எழுத்து ஹிந்தி எழுத்துதான் என்பதால் அது மட்டும் சுளுவாக வந்தது. பராமரிப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில், கேபிள், பிரேக், கதவு உருளை என்று எழுதிய பக்கங்களுக்குப் பின்னால், தமிழ் எழுத்தில் மராத்தி வார்த்தைகளை எழுதி வைத்தார். மொட்டை மாடிகளின் மேலே லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைகள் அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயின. அங்கே யாரும் வர மாட்டார்கள். மோட்டார் ஓடும்போது கத்தினாலும் கேட்காது. பதினாலு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் நின்றுகொண்டு ஒரு மோட்டாரிடம், இன்றைக்கு வெயில் அதிகம், உனக்குப் பசிக்கிறதா, நான் சொல்வது உனக்குப் புரிகிறதா என்று கேட்டிருக்கிறார். மோட்டார் ஒரு நாளும் சிரிக்கவில்லை. அப்புறம் மனிதர்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆள் என்று கணக்கு, இனிமேல் பார்க்கவே வாய்ப்பில்லாத ஆளாக இருக்க வேண்டும். தப்பாகப் பேசினால் தப்பு அந்த ஆளோடு இறங்கிப் போய்விடும். லோக்கல் வண்டியில் இதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரிடம் நிற்பவர் கேட்பார், எங்கே இறங்குவீர்கள் என்று. அவர் ஊர் சொன்னால் அந்த இடம் இவருக்கு, எழுத்தில்லாத பத்திரம். குடே உதர்ணார்? அதுதான் பிரமநாயகம் ஒரு மனிதரிடம் சொன்ன முதல் மராத்தி வாக்கியம். அந்த ஆள் குர்லா என்றார். குர்லா என்பது எந்தப் பாஷையிலும் குர்லாதான், ஆனாலும் பிரமநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நிறையப் பேர் இவர் உச்சரிப்பைக் கேட்டதுமே ஹிந்திக்கு மாறிவிடுவார்கள், அன்பாகத்தான், ஆனால் கதவை முகத்தில் சாத்தியது போல இருக்கும். இவர் விடாமல் மராத்தியில் தள்ளுவார். வார்த்தை கிடைக்காவிட்டால் சுற்றிக்கொண்டு போவார். குடைக்கு வார்த்தை தெரியாமல், மழைக்கு, கையில், கறுப்பு, திறக்கும் என்று சொல்லி ஒரு கிழவரிடமிருந்து அந்த வார்த்தையை வாங்கினார். ஒன்றும் புரியாதபோது சிரித்துத் தலையாட்டி, ஆமாம் ஆமாம் என்பதற்கு ஹோ, ஹோ என்பார். அது எல்லாவற்றிலும் சுலபமான வித்தை. சிரித்துத் தலையாட்டும் ஆளை யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

திவா தாண்டியது. மும்ப்ரா பக்கம் ஒரு புறம் மலையும் ஒரு புறம் உப்பங்கழியும் வரும். ஜனவரி வெயில் தண்ணீர் மேல் விழுந்து கண் கூசியது. நாலாவது இருக்கையில், அதாவது மூன்று பேர் உட்காரும் பலகையின் நுனியில் ஒற்றைத் தொடையை மட்டும் வைத்துக்கொள்ளும் இடத்தில், ஒருவர் வந்து ஒண்டினார். பிரமநாயகத்துக்குப் பக்கத்தில் கையில்லாத ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து வெளிச்சத்தில் பார்ப்பதும் மறுபடி துடைப்பதுமாக இருந்தார். காதில் விழும் மராத்தி புரிகிற விஷயத்தை ஆரம்பத்திலேயே உஜ்வலாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் தப்பு. உஜ்வலா தினமும் சாயங்காலம் நாசிக்கில் இருக்கும் தங்கை மேதாவுடன் போனில் பேசுவாள், இவர் எதிரிலேயே, கீரை ஆய்ந்துகொண்டோ பட்டாணி உரித்துக்கொண்டோ. இருபத்தாறு வருஷமாக அந்தப் பேச்சு இவருக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. மூன்றாவது மாதம் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து வார்த்தைகள் எழுந்து வர ஆரம்பித்தன. ஹே, ஹே என்று அடிக்கடி வருகிறதே, யார் அந்த ஆள் என்று ஒரு வாரம் குழம்பினார். அப்புறம்தான் பிடிபட்டது, அது இவர்தான். திருநெல்வேலிப் பெண்கள் புருஷனை அவுக என்று சொல்வது போல. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த அவுகளின் கதையைக் கேட்டார். அவுக குறட்டை விடுகிறார். அவுக ரசம் வைத்தால் தெருவே மணக்கிறது. அவுக மருந்து சாப்பிட மறந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறார், சின்னப் பையன் தோற்றான். ரகசியமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாய் வந்த மாதிரி. ஒரு நாள் டிவியில் மராத்தி நாடகத்தில் ஒருவன் அடித்த ஜோக்குக்கு உஜ்வலாவுக்கு முன்னாலேயே இவர் சிரித்துவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். இவர் இருமினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு சொல்லலாம், பேச வந்த பிறகு சொல்லலாம், தீபாவளிக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனதில், கற்றுக்கொள்வது எந்த இடத்தில் ஒட்டுக்கேட்பதாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. திருடன்தான், வேறென்ன.

தண்ணீர் என்றதும் அது வந்துவிடுகிறது. வரட்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பரேலில் ஒரு ஆஸ்பத்திரி, இரண்டாவது தடவையும் கலைந்துபோன மறுநாள். உஜ்வலா கண்ணைத் திறந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், மராத்தியில், மயக்கம் முழுதாகத் தெளியாமல். மலா கரீ கேஊன் சல். இவருக்கு அர்த்தம் தெரியவில்லை. தாகமாயிருக்கும் என்று ஊகித்து, ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். அந்தச் சத்தம் மட்டும் அர்த்தமில்லாமல் இருபத்திரண்டு வருஷம் அவருக்குள் கிடந்தது. போன அக்டோபரில் ஒரு மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு என்பது கரீ, கூட்டிக்கொண்டு என்பது கேஊன் என்று வந்ததும், அந்தப் பழைய சத்தம் தானே எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. அதைத்தான் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவளை இன்னும் நாலு நாள் அங்கேயே வைத்திருந்தார், நல்ல ஆஸ்பத்திரி என்று. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார் பிரமநாயகம். கீழே பதினோராவது மாடியில் யாரோ லிஃப்ட் வரவில்லையென்று கதவைத் தட்டினார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லவில்லை. என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்பின் தெரியாத நூற்றைம்பது பேரிடம் உளறியாகிவிட்டது, இவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல நாக்கு எழவில்லை. ஹிந்தியில் இவர் ஒரு ஆள், சத்தமாகப் பேசுவார், கிண்டல் செய்வார், வீட்டில் முடிவெடுப்பார். மராத்தியில் அந்த ஆள் இல்லை. பால்வாடிப் பிள்ளை ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பெண்டாட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அவள் சிரித்துவிட்டால்? சிரிப்புக்கு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கும்போதே, எங்கிருந்து என்று தெரிந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமாகி முதல் தடவை பாளையங்கோட்டை போனபோது. உஜ்வலா இவருக்குத் தெரியாமல் தாதரில் ஒரு பழைய புத்தகக் கடையில் தமிழ் கற்கும் புத்தகம் வாங்கி, மூன்று வாரம் உருப்போட்டு, ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். இவரையும் அசத்த வேண்டும், வீட்டையும் அசத்த வேண்டும். ரயில் டிக்கெட்டின் பின்னால் தேவநாகரியில் எழுதி உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தாள். வாசலில் ஆரத்தி எடுத்து முடித்ததும் கூடத்தில் நின்றுகொண்டு, தலையை நிமிர்த்தி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: தங்கள் இல்லத்திற்கு வருகை தந்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஒரு எழுத்துப் பிசகில்லை. அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே. புத்தகம் எழுதினவன் புத்தகத் தமிழைத்தானே எழுதுவான், தமிழன் வீட்டில் எவனும் அப்படிப் பேச மாட்டான் என்று அவளுக்கு யார் சொன்னது? "ஏ பெரமு, ஒம் பொண்டாட்டி ரேடியோல செய்தில்லா வாசிக்கா!" என்று கோமதி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லு தாயி. ஏல, அவள இன்னொரு தடவ சொல்லச் சொல்லு." ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. அக்கா அவளைக் கட்டிக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தபோதும், சித்தப்பா வந்தபோதும், வளையல்காரி வந்தபோதும் அவளைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லச் சொன்னார்கள். பத்து நாளில் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும், மறுபடி சொல்லு என்று ஹிந்தியில் எடுத்துச் சொன்னது யார்? இந்தப் பிரமநாயகம்தான். இவரும் சிரித்தார், பெருமையாகவே சிரித்தார். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷத்தில் உஜ்வலா ஒரு தமிழ் வாக்கியம் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வருஷத்துக்குப் பத்து நாள் போவார்கள். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள், தலையாட்டுவாள். தங்கமான பொண்ணு, முகம் சுளிக்காது என்பாள் அக்கா. இன்றைக்கும் போனில் முதல் கேள்வி அதுதான்: "செய்தி வாசிக்கவ எப்டி இருக்கா?"

நேற்று சாயங்காலம் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். இவர் பேப்பருக்குப் பின்னால். மேதா ஏதோ கேட்டிருக்க வேண்டும். உஜ்வலா குரலை மாற்றாமல், கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "அவர் ரொம்ப சந்தோஷமா இருக்கார் மேதா, எப்படிச் சொல்றது? வருஷத்துக்குப் பத்து நாள் சிரிச்சேன், சமாளிச்சேன். இனிமே மிச்ச நாளெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருக்கணும். அங்கே போனா நான் முகீ ஆயிடுவேன்." அப்புறம் கீரை விலைக்குப் போய்விட்டாள். எல்லாம் புரிந்தது. ஒரு வார்த்தையைத் தவிர. ஏழு மாதமாக ஒவ்வொரு வார்த்தையும் புரிய வேண்டும் என்று தவித்த மனிதர், அந்த ஒரு வார்த்தை புரியாததை நேற்றிலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தெரியாத வார்த்தையை முன்னும் பின்னும் பார்த்து ஊகிப்பதில் அவர் கெட்டிக்காரர், ஊகித்தும்விட்டார். ஆனால் ஊகம் ஊகம்தானே. முகீ என்றால் மெலிந்து போவேன் என்று இருக்கலாம். கறுத்துப் போவேன் என்று இருக்கலாம், பாளையங்கோட்டை வெயில் அப்படி. தனக்குத் தெரிந்த மராத்தி என்ன பெரிய மராத்தி, மோட்டாரிடம் பேசிய மராத்தி. தான் ஒரு மக்குப் பிள்ளையாக இருந்துவிடக் கூடாதா என்று முதல் தடவையாக ஆசைப்பட்டார். கல்வாவில் வண்டி நின்றுகொண்டே இருந்தது, முன்னால் சிக்னல் இல்லை போல. பிறகு தாணே. கூட்டம் அப்படியே உள்ளே வந்து விழுந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரமநாயகத்தைப் பார்த்துக் கேட்டார், குடே உதர்ணார்? தாதர் என்று வாய் தன்னால் சொன்னது. அந்த ஆள் முகம் தொங்கி, அடுத்த வரிசையைப் பார்க்கப் போய், அங்கும் ஒன்றும் தேறாமல் இங்கேயே திரும்பி வந்தார்.

ஆனால் அந்தச் சிரிப்பு. வார்த்தையை விட்டாலும் அது விடவில்லை. சிரித்துத் தலையாட்டினால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இவர் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்ட வித்தை. குடைக்காரக் கிழவரிடம், டீக்கடையில், வாட்ச்மேன்களிடம், எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறார். கன்னம் வலிக்கும், இறங்கினதும் முகத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்வார். ஐந்து நிமிஷத்துக்கே வலிக்கும். அக்கா வீட்டுக் கூடத்தில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது நடுவில் உஜ்வலாவின் முகம், எப்போதும் அரை நொடி தாமதமாகச் சிரிக்கும் முகம். மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சிரிப்பது. அது எப்படி இத்தனை வருஷம் தெரியாமல் போனது? தெரியாமல்தான் போகும், அந்த வித்தையைச் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். சந்தோஷம் என்று நினைத்தது எதுவும் சந்தோஷம் இல்லை. ராத்திரி படுக்கையில் அவள் கன்னத்தைத் தேய்த்துக்கொள்வாள், பல்வலியா என்று கேட்டிருக்கிறார். இளம்பச்சை டைல்ஸைத் தொட்டபோதும் அதே முகம். மாடி வீடு, முன்னால் வேப்பமரம், காலையில் அக்கா கையால் காபி என்று இவர் ஹிந்தியில் அடுக்க அடுக்க, அச்சா, அச்சா என்றாளே. இன்னும் ஒரு வார்த்தை பாக்கியிருக்கிறது. கேட்டுத் தொலைத்துவிடலாம். அவர் ஸ்வெட்டர் பெரியவரிடம் திரும்பினார். முலுண்ட் போய்க்கொண்டிருந்தது. மராத்தியில், மெதுவாக, "மன்னிக்கணும், முகீன்னா என்ன அர்த்தம்?" என்றார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவரை நன்றாகப் பார்த்தார். ஹிந்திக்கு மாறவில்லை. ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "பேச்சு வராதவ. யாரு?" என்றார். "என் மனைவி." "அடடா," என்று பெரியவர் முகம் சுருங்கியது. "பிறந்ததிலேர்ந்தேவா?" பிரமநாயகம் வார்த்தைகளைப் பொறுக்கி, வரிசையில் வைத்து, சரிபார்த்துச் சொன்னார். "இல்லை. எங்க ஊருக்கு வந்தா மட்டும்." பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

புடீல் ஸ்டேஷன் நாஹுர். காலை வேளையில் நாஹுரில் இறங்குகிறவர்கள் அபூர்வம். பிரமநாயகம் பையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நீந்தினார். கழுத்துப்பட்டிக்காரர் தாதர் வரை எதிர்பார்க்காத ஜன்னலோரம் காலியானதை நம்ப முடியாமல் ஒரு கணம் திகைத்து, வேறு யாரும் முந்துவதற்குள் தொப்பென்று உட்கார்ந்தார். வண்டி போனதும் பிளாட்பாரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு சிமென்ட் பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய், எதிர்ப்பக்கம் இரண்டு காலேஜ் பெண்கள். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்பக்கத்தில் கடிதம், பின்பக்கத்தில் வார்த்தைகள். போனை எடுத்து அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்து, ஹிந்தியில், "என்ன, கண்ணாடிய வச்சிட்டுப் போய்ட்டீங்களா?" என்றாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாராக நினைத்துக்கொள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார், முடியவில்லை, அவளாகவேதான் இருந்தாள். "மீ கரீ யேதோய்," என்றார். நான் வீட்டுக்கு வருகிறேன். மிக்ஸி நின்றது. நிறுத்தினால் இனி வராது என்று தெரிந்து, மராத்தியில் கிடைத்ததையெல்லாம் வாரிப் போட்டார். "நான் ஏழு மாதம் உன் பாஷை படிக்கிறேன். ரயிலில். லிஃப்டில். நேற்று கேட்டேன். மேதா. முகீ. முன்னாடியும் கேட்டேன், சொல்லலை, அது தப்பு. கடிதம் கொடுக்கலை. நீ சிரிக்க வேண்டாம். உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. உன் பாஷையில் சொல்லு. மெதுவா சொல்லு, எனக்குப் புரியும்."

காத்திருந்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய கூடத்துச் சிரிப்பு, அக்கா சிரிப்பு, சித்தப்பா சிரிப்பு, தன்னுடைய சிரிப்பு, எல்லாம் அந்த மௌனத்துக்குள் இருந்தது. சிரிக்கட்டும், பத்து நாள் சிரிக்கட்டும், வளையல்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிரிக்கட்டும். "ஏழு மாசமா?" என்று அவள் கேட்டாள், மராத்தியில். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு அப்புறம், அவரை நோக்கி அவள் அந்தப் பாஷையில் கேட்ட இரண்டாவது வாக்கியம் அது. "நான் மேதாகிட்ட பேசினதெல்லாமா?" "எல்லாம்," என்றார். "குறட்டை. ரசம். எல்லாம்." "எனக்குக் கோபம் வருது," என்றாள். அது அவருக்கு முழுதாகப் புரிந்தது. "ஹோ," என்றார், சிரிக்காமல், தலையாட்டாமல். பாத்திரம் ஒன்றை அவள் எங்கோ வைக்கும் சத்தம், நாற்காலியை இழுக்கும் சத்தம். உட்கார்ந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவள் குரல் வந்தது, தாழ்ந்து, பக்கத்தில், அவர் இதுவரை பேப்பருக்குப் பின்னாலிருந்து மட்டுமே கேட்டிருந்த குரல்.

"முதல்ல சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

பிரமநாயகம் எழுந்து நின்றுகொண்டார். எதிர் பிளாட்பாரத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, நான் வீட்டுக்கு வருகிறேன் என்று மறுபடி சொன்னார்.